ஏழாவது கட்டர்: ஒரு டைட்டானியம் பாரைச் சீவி எடுத்த பதிவு

டைட்டானியத்தை வெட்ட என் எந்திரத்தில் மாட்டிய முதல் கட்டர், அதாவது சுழன்று வெட்டும் சிறு கத்தி, ஐம்பது நிமிடம் தாங்கியது. இரண்டாவது முப்பத்தைந்து நிமிடம். மூன்றாவது வேலைக்கு நடுவில் ஒடிந்து, அதன் நுனி டைட்டானியத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. நான்காவதை ஓடவிட்டு, சத்தம் மாறிய உடனே நானே நிறுத்திவிட்டேன். அதற்குள் திருகு உட்காரும் இருக்கை ஒன்று பாழாகியிருந்தது. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள அந்த டைட்டானிய வட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே போனேன்.

நாகர்கோவிலில் கோணம் என்ற பகுதியில் பல் ஆய்வகம் ஒன்றை நடத்துகிறேன். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்து பல் உறைகளும் பாலங்களும் செய்து கொடுப்பது என் தொழில். பல ஆண்டுகளாக என் எந்திரத்தில் ஓடியது சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் மட்டுமே. இந்த ஆண்டு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பல் மருத்துவர் வேறொரு வேலை கொடுத்தார். கீழ்த்தாடையில் பற்களே இல்லாத ஒரு முதியவருக்கு எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்களான இம்பிளாண்ட் நான்கு வைத்திருக்கிறார். நான்கையும் இணைக்கும் டைட்டானியம் பார், அதாவது ஓர் உலோகச் சட்டம், வேண்டும். அதன் மேல் கழற்றி மாட்டும் பல்செட் உட்காரும். எந்திரம் டைட்டானியம் வெட்டும், தண்ணீர்க் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) வசதியும் உண்டு என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். ஒப்புக்கொண்டேன்.

வட்டு ஐந்தாம் தர டைட்டானியம். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு அலுமினியம், நான்கு பங்கு வனேடியம், மீதி டைட்டானியம். 98 மில்லிமீட்டர் விட்டம், 14 மில்லிமீட்டர் தடிமன். உலோகத்தை மொத்தமாக அகற்றும் முரட்டு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள, இரண்டு பல் (வெட்டும் விளிம்பு) கொண்ட கார்பைடு கட்டர். எந்திரத்தோடு வந்த அட்டவணையில் நிமிடத்துக்கு 12,000 சுற்று, ஃபீட் (கட்டர் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 480 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 0.3, ஆழத்தில் 1 மில்லிமீட்டர் என்று இருந்தது. அப்படியே போட்டேன். முதல் கட்டர் அதில்தான் போனது.

சிர்கோனியாவோடு பழகியவர்களுக்கு இந்த உலோகம் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நாம் வெட்டும் சிர்கோனியா முழுதாகச் சுடப்படாதது, சாக்கட்டி போல உதிர்வது. வெட்டிய பிறகுதான் சூளையில் வைக்கிறோம், அங்கே அது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. கட்டர் சிறிது தேய்ந்து சில மைக்ரான் பிழை வந்தாலும் அந்தப் பிழையும் கூடவே சுருங்கும். டைட்டானியத்தில் சூளை கிடையாது. வெட்டிய அளவுதான் வாய்க்குள் போகும் அளவு.

அடுத்தது வெப்பம். சாதாரண எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறன் ஐம்பது என்றால் இந்தக் கலவைக்கு அது ஏழுக்கும் குறைவு. எஃகை வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீவலே சுமந்துகொண்டு பறந்துவிடும். டைட்டானியத்தில் அது போக வழியில்லாமல் வெட்டும் விளிம்பிலேயே தேங்குகிறது. சீவலும் கட்டரின் முகத்தை மிகக் குறுகிய இடத்தில்தான் தொடுகிறது. ஆகவே அழுத்தமும் வெப்பமும் ஒரே இடத்தில், விளிம்பை ஒட்டிக் குவிகின்றன. சூடான டைட்டானியம் எதனோடும் சேர்ந்துகொள்ளத் துடிக்கும் உலோகம். கார்பைடில் ஒட்டுகிறது. ஒட்டியது பிய்ந்து போகும்போது கார்பைடு மணிகளையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. மெல்லிய சுவர்கள் கட்டரைக் கண்டு விலகி, கட்டர் கடந்ததும் திரும்பி வந்து அதன் முதுகில் உரசுவதும் உண்டு. எஃகோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு ஏறத்தாழ பாதிதான்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், படித்திருந்தேன். ஆனால் முதல் கட்டர் போனவுடன் நான் செய்தது பயந்தவன் செய்யும் காரியம். ஃபீடைப் பாதியாக்கி 240-க்கு இறக்கினேன். பக்கவாட்டு வெட்டையும் 0.15-க்குக் குறைத்தேன். மெதுவாக, மென்மையாக வெட்டினால் கட்டர் பிழைக்கும் என்று நினைத்தேன். சுற்றை மட்டும் தொடவில்லை. இரண்டாவது கட்டர் முதலாவதைவிட விரைவாகப் போனது.

மறுநாள் குளச்சல் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரைப் பார்க்கப் போனேன். மீன்பிடிப் படகுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகில் உந்துதண்டு கடைவதில் அவருக்கு நாற்பது ஆண்டு அனுபவம். டைட்டானியத்தை அவர் தொட்டதில்லை. ஆனால் துருப்பிடிக்காத எஃகும் வெப்பத்தை எளிதில் விடாத உலோகம், உரசினால் மேல்தோல் இறுகிப்போகும் உலோகம். அவரிடம் தேய்ந்த கட்டர்களை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

"சுருள் எங்கே மக்களே?"

எந்திரத்தின் வடிகட்டியிலிருந்து சிறிது எடுத்து ஒரு சின்ன புட்டியில் கொண்டுபோயிருந்தேன். அதைக் கையில் கொட்டி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது சுருள் இல்லை. அரம் போட்டால் விழுகிற தூள். உன் கத்தி வெட்டவே இல்லை, தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறது."

"மெதுவாகத்தான் விட்டேன் அண்ணாச்சி."

"அதுதான் கேடு. தண்டில் கத்தியை வைத்தால் உள்ளே இறங்க வேண்டும். தயங்கி நின்றால் தண்டு கறுத்து இறுகும், பிறகு எந்தக் கத்தியும் ஏறாது. சுற்றைக் குறை, தீனியைக் குறைக்காதே."

ஃபீடுக்கு அவர் சொன்ன சொல் அது, தீனி. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர். விடிவதற்கு முன் தலையில் விளக்கோடு மரம் மரமாகப் போவார். வெட்டுக் கத்தி பட்டையில் ஒரே கனத்தில் ஒரு சீவலை எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், பட்டும் படாமல் போனால் பட்டை தேயும், பால் வராது. கை நடுங்குகிறவனுக்குப் பால் வெட்டு வராது என்பார். சீவலுக்கு ஒரு குறைந்தபட்சக் கனம் உண்டு என்பதை நான் அந்த வீட்டில் வளர்ந்தும் ஒரு எந்திரத்தின் முன் மறந்துவிட்டிருந்தேன்.

அன்று இரவே தாளில் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்குதான் இந்தப் பதிவை எழுத வைத்தது, ஆகவே முழுதாகத் தருகிறேன்.

இரண்டு பல் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் 24,000 தடவை பல் உலோகத்தைத் தொடுகிறது. ஃபீட் 240 மில்லிமீட்டர் என்றால் ஒரு பல்லுக்கு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். ஆனால் சீவலின் கனம் 10 மைக்ரான் இல்லை. கட்டரின் விட்டத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் உலோகத்துக்குள் இருக்கும்போது பல் ஓரமாக நுழைந்து வெளியேறிவிடும். சீவல் அதைவிட மெலிதாகவே வரும். பக்கவாட்டு வெட்டை விட்டத்தால் வகுக்க வேண்டும்: 0.15 வகுத்தல் 3, அதாவது 0.05. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.95. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு இரண்டால் பெருக்கினால் 0.44. ஆகவே சீவலின் அதிகபட்சக் கனம் 10 மைக்ரானில் 0.44 பங்கு, நான்கரை மைக்ரானுக்கும் குறைவு. பூச்சுள்ள புதிய கார்பைடு கட்டரின் விளிம்பே உருப்பெருக்கியில் பார்த்தால் ஐந்து மைக்ரானுக்கு மேல் உருண்டிருக்கும். உருண்ட விளிம்பைவிட மெலிந்த சீவலை எந்தக் கத்தியும் எடுக்க முடியாது. அது உலோகத்தை நசுக்கிக்கொண்டு மேலே வழுக்கிப் போகும். மேல்தோல் இறுகும். அடுத்த பல் அந்த இறுகிய தோலின் மேல் மறுபடி வழுக்கும்.

எத்தனை தடவை என்றும் கணக்குப் பார்த்தேன். என் பாருக்காக முரட்டு வெட்டில் எடுக்க வேண்டிய உலோகம் ஏறத்தாழ 6,000 கன மில்லிமீட்டர். நான் போட்ட அளவுகளில் நிமிடத்துக்கு 36 கன மில்லிமீட்டர்தான் வெளியேறும். 167 நிமிடம் ஆகும், அதற்குள் பற்கள் 40 லட்சம் தடவை உலோகத்தைத் தொடும். கட்டரைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு அதை 40 லட்சம் தடவை தேய்க்க அனுப்பியிருக்கிறேன்.

புதிய அளவுகளை எழுதினேன். வெப்பத்தை முதலில் தீர்மானிப்பது பல்லின் ஓட்ட வேகம். 12,000 சுற்றில் 3 மில்லிமீட்டர் கட்டரின் ஓரம் நிமிடத்துக்கு 113 மீட்டர் ஓடுகிறது. முரட்டு வெட்டுக்கு அது அதிகம். 60 மீட்டருக்கு இறக்கினால் சுமார் 6,400 சுற்று. அதை ஓட்டிப் பார்த்தேன், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் திணறி அபாயக் குறி காட்டி நின்றது. நம் பல் எந்திரங்களின் ஸ்பிண்டில் 60,000 சுற்றுக்காகக் கட்டப்பட்டது, தாழ்ந்த சுற்றில் அதற்கு முறுக்குத் திறன் போதாது. இந்த இடத்தில் பெரிய ஆலை எந்திரங்களுக்கான பட்டியல்களை நம்மால் அப்படியே பின்பற்ற முடியாது. நடுவில் ஒரு இடம் தேடி 8,500 சுற்றில் நின்றேன், 80 மீட்டர். ஒரு பல்லுக்கு 25 மைக்ரான், ஆகவே ஃபீட் 425. பக்கவாட்டில் 0.24. அதே கணக்கில் சீவல் கனம் பதின்மூன்றரை மைக்ரான். நிமிடத்துக்கு 102 கன மில்லிமீட்டர். முரட்டு வெட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடியும், பற்கள் 10 லட்சம் தடவை தொடும். நாற்பதுக்குப் பத்து.

பாழான வட்டின் ஓரத்தில் ஐந்தாவது கட்டரை இறக்கினேன். சத்தம் முதல் நொடியிலேயே வேறாக இருந்தது. கீச்சென்ற அழுகை போய், தாழ்ந்த, சீரான முழக்கம். வடிகட்டியில் விழுந்தவை நகத்துண்டு போல் வளைந்த சிறு சீவல்கள், மங்காத வெள்ளி நிறம். மகிழ்ந்தேன். இருபதாம் நிமிடம் டக்கென்று ஒரு ஒலி. நிறுத்தி எடுத்துப் பார்த்தால் ஒரு பல்லின் மூலை சில்லாகப் பெயர்ந்திருந்தது.

அப்போதுதான், நான்கு கட்டர் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். ஐந்து கட்டர்களையும் வரிசையாக உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். அதுவரை ஒவ்வொன்றிலும் மோசமான பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது இரண்டு பற்களையும் அளந்தேன். முதல் கட்டரில் ஒரு பல்லின் விளிம்புக்குப் பின்னுள்ள சரிவில் தேய்மானப் பட்டை 0.18 மில்லிமீட்டர் அகலம். மற்றப் பல்லில் 0.04. இரண்டாவது, நான்காவது இரண்டிலும் அதே கதை. ஐந்தாவதில் ஒரு பல் பெயர்ந்திருக்கிறது, அடுத்த பல் பெட்டியிலிருந்து எடுத்தது போல் இருக்கிறது. இரண்டு பல் கட்டரில் ஒரு பல் மட்டுமே உழைத்திருக்கிறது. கட்டர் மையத்தில் சுற்றவில்லை.

மைக்ரான் அளவு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் நெம்பு டயல் கேஜை எடுத்து, புதிய கட்டரின் வழுவழுப்பான தண்டில் வைத்துக் கையால் மெல்லச் சுற்றினேன். முள் 22 மைக்ரான் ஆடியது. ஒரு பல்லுக்கு 25 மைக்ரான் ஃபீட் என்று நான் கணக்குப் போடுகிறேன். கட்டர் 22 மைக்ரான் ஆடினால் நீண்டு நிற்கும் பல் ஏறத்தாழ இரண்டு பங்கையும் விழுங்குகிறது, 47 மைக்ரான். மூலை பெயர்ந்ததில் வியப்பில்லை. பழைய அளவுகளில் முதல் கட்டரும் இதனால்தான் செத்தது. இரண்டாவதில் ஒரு பல்லே எல்லாவற்றையும் எடுத்திருந்தால் அதற்கு இரட்டைக் கனச் சீவல் கிடைத்திருக்குமே என்று கேட்பீர்கள். கிடைத்திருக்கும், ஒன்பது மைக்ரான் அளவுக்கு, முதல் சில நிமிடங்களுக்கு. அந்த விளிம்பு சிறிது மழுங்கிய பின் ஒன்பதும் போதவில்லை.

ஆட்டத்துக்குக் காரணம், கட்டரின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டில் இருந்தது. கழற்றி, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தேன். துணியில் வெள்ளையின் மேல் வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. கறுப்புத் துணி எடுத்துத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. சிர்கோனியாத் தூள். பல ஆண்டு உலர் வெட்டில் பறந்த தூள் காலெட்டின் பிளவுகளிலும் கூம்பின் மேலும் படிந்து, கூலண்டின் ஈரம் பட்டு அப்பம் போல் இறுகியிருந்தது. சிர்கோனியா வேலையில் இந்த ஆட்டம் என்னைத் தொந்தரவு செய்ததே இல்லை, சாக்கட்டி மன்னித்துவிடும். மென்மையான தூரிகை, ஆல்கஹால், பிறகு எந்திரத்தோடு வந்த கூம்புத் துடைப்பான். மறுபடி டயல் கேஜ்: 5 மைக்ரான். கூலண்ட் தொட்டியின் அடியிலும் அதே தூள் சேறாகக் கிடந்தது. பம்பு அதைத்தான் இத்தனை நாளும் வெட்டும் இடத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தொட்டியைக் காலி செய்து கழுவினேன். புதிய கூலண்டை இந்த முறை நூற்றுக்கு எட்டு என்ற விகிதத்தில் கரைத்தேன், பழையது மூன்றுக்கு இறங்கியிருந்தது. ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பில் எண்ணெய் பிரிந்து ஏடு கட்டுகிறது.

கையில் அந்தக் கறுப்புத் துணியோடு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மணவாளக்குறிச்சியின் கறுத்த மணல் தெரியும். அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் தாதுக்கள், சிர்கான் சிர்கோனியாவின் தாய். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் இந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தது. அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது மோனசைட்டில் உள்ள, வாயு விளக்குகளின் வலைக்குத் தேவையான தோரியம். டைட்டானியம் என்ற தனிமத்தையே 1791-இல் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஓர் ஓடையோரக் கறுப்பு மணலிலிருந்துதான் கண்டறிந்தார். இன்று இந்த வகை மணலின் டைட்டானியத்தில் பெரும்பங்கு உலோகமாவதில்லை, வெள்ளைச் சாயமாகிப் பெயிண்டிலும் பற்பசையிலும் சேர்கிறது. உலோகமாக்குவது கடினம். கொல்லத்துக்கு அருகே சவறாவில் 2011 முதல் ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவுள்ள ஆலை ஒன்று டைட்டானியப் பஞ்சு, அதாவது பஞ்சு போல் துளைகளுள்ள கச்சா உலோகம், செய்கிறது. விண்வெளித் துறையின் பணத்தில் எழுந்த ஆலை அது. என் வட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. இருந்தாலும் ஒரே மணலில் அக்கம்பக்கமாகக் கிடந்த இரண்டு பொருட்கள் என் எந்திரத்தில் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருந்ததை நினைக்க மனம் ஒரு நிலையில் இல்லை. மணல் அள்ளுவது குறித்துக் கடற்கரை ஊர்களில் இருக்கும் கவலையும் எனக்கு உண்டு. அந்தக் கரையிலிருந்து எடுக்கப்படும் பொருளை வீணாக்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ஆறாவது கட்டர் சோதனைக்கு. சுத்தமான காலெட், அதே 8,500, அதே 425. அறுபது நிமிடம் பழைய வட்டில் ஓடவிட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து அளந்தேன். இரண்டு பற்களும் ஒன்றாகத் தேய்ந்தன. அறுபதாம் நிமிடத்தில் ஒன்றில் 0.05, மற்றதில் 0.04. பெரிய கட்டர்களுக்கான பன்னாட்டுத் தரம் 0.3 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும். 3 மில்லிமீட்டர் கட்டருக்கு அது பொருந்தாது, நான் 0.1-ஐ எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் உரசல் வெப்பம் மளமளவென்று ஏறும், தேய்மானம் பாய்ச்சலில் போகும்.

சிர்கோனியாவுக்கான வைரப் பூச்சுக் கட்டர் கையில் இருக்கிறதே என்று எவரும் டைட்டானியத்தில் வைக்க வேண்டாம். பூச்சு விளிம்பை இன்னும் உருட்டிவிடுகிறது. மேலே போட்ட கணக்கு அங்கே தொடக்கத்திலேயே தோற்கும்.

இனி உண்மையான பார். புதிய வட்டு, ஏழாவது கட்டர். வட்டைப் பிடிக்கும் வளையத்தையும் துடைத்து, திருகுகளை எதிரெதிராக இறுக்கினேன். பாரை வட்டோடு பிடித்து நிற்கும் இணைப்புத் துண்டுகள் முந்தைய வடிவமைப்பில் மூன்று. இம்முறை ஆறு, இம்பிளாண்ட் உட்காரும் இடங்களுக்கு அருகிலேயே. வெட்டும் திசை எப்போதும் பல் கனமாக நுழைந்து மெலிதாக வெளியேறும்படி. எதிர்த்திசையில் பல் பூஜ்ஜியக் கனத்தில் உரசிக்கொண்டே நுழையும், டைட்டானியத்தில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மூலைகளில் கட்டர் நின்று திரும்பாமல் வளைந்து போகும்படி பாதையை மாற்றினேன். நிற்கும் ஒவ்வொரு கணமும் உரசல்.

மெருகு வெட்டில் இன்னொரு தவறைத் திருத்தினேன். முன்பு முரட்டு வெட்டுக்குப் பின் 0.05 மில்லிமீட்டர் மட்டுமே மிச்சம் வைத்தேன், மெருகுக் கட்டருக்கு வேலை குறையட்டும் என்று. அந்த 50 மைக்ரானில் பெரும்பாதி முரட்டு வெட்டில் இறுகிய தோல். மெருகுக் கட்டர் அந்தத் தோலையே நக்கிக்கொண்டிருந்தது. இம்முறை 0.12 விட்டேன், கட்டர் தோலுக்குக் கீழே நுழைந்து வெட்டட்டும் என்று. 2 மில்லிமீட்டர் உருண்டை முனைக் கட்டரின் நுனிப் புள்ளிக்குச் சுற்றுவேகமே கிடையாது, அங்கே அது வெட்டாமல் குத்தித் தேய்க்கும். எந்திரத்தின் சாயும் அச்சைப் பயன்படுத்தி 15 டிகிரி சாய்த்து, உருண்டையின் பக்கத்தை வேலைக்கு வைத்தேன். பரப்பு மாறியதைக் கண்ணே சொன்னது. முன்பு மங்கலாக, இழுபட்டது போல் இருந்த இடத்தில் இப்போது ஒரே சீரான மெல்லிய வரிகள்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நுண்ணிய டைட்டானியச் சீவல் எரியும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரையே பிளந்து ஹைட்ரஜனை வெளியேற்றித் தீயைப் பெருக்கும். கரியமில வாயுத் தீயணைப்பானும் உதவாது. எந்திரத்தின் அருகில் மூடியுள்ள இரும்பு வாளி நிறைய உலர்ந்த மணல் வைத்திருக்கிறேன். கடற்கரை ஈர மணல் இல்லை, வெயிலில் காயவைத்துச் சலித்தது. உலோகத் தீக்கென்றே தனி வகைத் தீயணைப்பான் ஒன்றும் வாங்கினேன். சீவலை ஒவ்வொரு நாளும் வெளியே எடுத்துவிடுகிறேன், வடிகட்டியில் குவியவிடுவதில்லை. கூலண்ட் குழாய் அடைத்து எந்திரம் உலர்ந்து ஓடும் அரை நிமிடம்தான் ஆபத்தான நேரம். ஆகவே முரட்டு வெட்டு ஓடும்போது அறையை விட்டுப் போவதில்லை. மின்சாரம் போனால் எந்திரம் பாதி வெட்டில் நிற்காதபடி யுபிஎஸ் இருக்கிறது, பம்பையும் அதிலேயே இணைத்தேன், முன்பு இணைத்திருக்கவில்லை.

பார் வெளியே வந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. ஆறு இணைப்புகளையும் அறுத்து, அறுத்த இடங்களை மட்டும் மெருகிட்டு, மாதிரி வார்ப்பில் வைத்தேன். சோதனை எளியது: ஒரு கோடியில் உள்ள ஒரே ஒரு திருகை மட்டும் இறுக்குவது. பார் நெளிந்திருந்தால், அல்லது ஏதாவது ஒரு இருக்கை சில மைக்ரான் மேலே நின்றாலும், மறுகோடி எழும்பும். திருகை இறுக்கிவிட்டு மறுகோடியை உருப்பெருக்கியில் பார்த்தேன். இடைவெளிக் கோடு தெரியவில்லை. திருகைக் கழற்றி மறுகோடியில் போட்டு இந்தக் கோடியைப் பார்த்தேன். இங்கும் தெரியவில்லை. நடுவில் உள்ள இரண்டிலும் அதே. வார்ப்பில் சரியாக இருப்பது வாயில் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, அளவெடுத்ததில் பிழை இருந்தால் அங்கேதான் தெரியும். மறுநாள் மார்த்தாண்டத்தில் மருத்துவர் அதே ஒற்றைத் திருகுச் சோதனையை வாயில் செய்து, எக்ஸ்-ரேயும் எடுத்தார். நான்கு இருக்கைகளும் படிந்திருந்தன.

அந்த முதியவர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து, நாக்கால் பாரைத் தடவிப் பார்த்தார். "கனமே இல்லையே தம்பி" என்றார். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் பாதிக்குச் சற்று மேல்தான் என்று அவரிடம் சொன்னேன். இந்த உலோகம் எலும்போடு ஒட்டிப் பிடிப்பதைச் சுவீடனில் பிரோனமார்க் முயல் எலும்பில் கவனித்தது 1950-களில், முதல் மனிதருக்குப் பல் வேர் வைத்தது 1965-இல் என்றும் சொன்னேன். கட்டரில் ஒட்டிக்கொண்டு என்னைப் பாடாய்ப் படுத்தும் உலோகம், காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல்தான் அவர் எலும்போடு சமாதானமாக இருக்கிறது. சூட்டில் எதனோடும் சேரத் துடிக்கும் அதே குணம்தான் குளிர்ந்தபின் அந்தத் தோலையும் நெய்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முறுக்கு கடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டார். பல்செட் முடிந்த பிறகு, மெல்ல மெல்லத் தொடங்கலாம் என்றார் மருத்துவர்.

இப்போது காலெட் சுத்தம் எந்திரத்தின் கதவில் ஒட்டிய தாளில் இருக்கிறது: சிர்கோனியாவிலிருந்து டைட்டானியத்துக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் கழற்றல், கறுப்புத் துணி, டயல் கேஜ். பத்து மைக்ரானுக்கு மேல் ஆடினால் வேலை தொடங்குவதில்லை. டைட்டானியத்துக்கென்று தனிக் காலெட் ஒன்று சொல்லியிருக்கிறேன், வர இன்னும் சில வாரம். ஒவ்வொரு கட்டருக்கும் எண்ணிட்டு, ஓடிய நிமிடங்களையும் இரண்டு பற்களின் தேய்மானத்தையும் நோட்டில் எழுதுகிறேன்.

ஏழாவது கட்டர் இரண்டு பார்களின் முரட்டு வெட்டை முடித்திருக்கிறது. நேற்று அளந்தபோது ஒரு பல்லில் 0.07, மறு பல்லில் 0.07. திங்கள்சந்தையிலிருந்து மூன்றாவது பாருக்கான அளவு வந்திருக்கிறது. முதல் இருபது நிமிடத்துக்கு ஏழாவதையே வைத்து, பிறகு எட்டாவதுக்கு மாற்றுவதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.